ஓசை ஒன்று, ஊர் வேறு
(ஒரு பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய பையில் ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் இருக்கும். ஆங்கிலத்தில் பென், பென்சில். இரண்டும் எழுதுகிற கருவிகள், இரண்டும் ‘பென்’ என்றே தொடங்குகின்றன. பென்னுக்குப் பிறந்த குட்டிதான் பென்சில் என்று நினைக்காதவர்கள் குறைவு. அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. ஓசை ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, வேறென்ன வேண்டும்?

ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது.

பென் என்பது லத்தீன் மொழியின் ‘பென்னா’. இறகு என்று பொருள். வாத்தின் இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தின் மிச்சம் அது. போர்ச்சுகீசியர்கள் நமக்குத் தந்த ‘பேனா’வும் அதே இறகுதான். பென்சிலின் வழி வேறு. லத்தீனில் ‘பெனிகில்லுஸ்’ என்றால் ஓவியர் கையிலிருக்கும் மெல்லிய தூரிகை. நேர்ப்பொருள் பார்த்தால் சின்னஞ்சிறு வால். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பென்சில் தூரிகையாகவே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் கிராஃபைட் வெட்டியெடுக்கத் தொடங்கிய பின்னர்தான் அந்தப் பெயர் குச்சிக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தூரிகையின் உண்மையான சொந்தம் மருந்துக்கடையில் இருக்கிறது. நுண்ணோக்கியில் தூரிகை போலத் தெரிந்த பூஞ்சைக்கு ‘பெனிசிலியம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூஞ்சையிலிருந்து 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தது பெனிசிலின். ஆக பென்சிலும் பெனிசிலினும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பென் பக்கத்து வீடு.

சரி, பென்னின் சொந்தக்காரர்கள் யார்? ஆங்கிலத்தில் இறகுக்கு ‘ஃபெதர்’ என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அது. ஹெலிகாப்டரின் பின்பாதியான ‘ப்டர்’, கிரேக்கத்தில் சிறகு, அதுவும். சமஸ்கிருதத்தில் சிறகையும் இலையையும் குறிக்கும் ‘பத்ர’ என்ற சொல்லும் அதே குடும்பம். அதிலிருந்து வந்தது நம்முடைய பத்திரிகை. பறத்தலைக் குறித்த ஒரே வேரிலிருந்து இவை எல்லாம் கிளைத்தன என்பது மொழியறிஞர்களின் முடிவு. பென், ஃபெதர், ஹெலிகாப்டர், பத்திரிகை: காதால் கேட்டு இந்த நான்கையும் ஒரே பந்தியில் யாராவது உட்கார வைப்பார்களா?

நம் ஊரில் முகச்சாயலைப் பார்த்து எவரையும் பங்காளி என்று முடிவு செய்வதில்லை. பாட்டன் பெயர் என்ன, குலதெய்வம் எது, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று விசாரிக்கிறோம். அச்சு அசலாக ஒரே முகமாக இருப்பவர் அசலாராக இருப்பார்; ஜாடையே இல்லாதவர் ஒன்றுவிட்ட சித்தப்பா மகனாக இருப்பார். சொல்லுக்கும் விசாரணை அதுதான். ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்து வைத்தார். அந்த எச்சரிக்கையைக் காற்றில் விட்டவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். ஐரோப்பியரும் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் விட்டார்கள். பிறகு அவர்களுக்கு ஒரு முறை கிடைத்தது.

1786இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை பலருக்குத் தெரியும். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அந்தத் தாய் இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம் என்றார் அவர். கருத்து சரிதான், ஆனால் வழக்கை நடத்தச் சான்று வேண்டும். 1818இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க், 1822இல் ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் இருவரும் அதைக் கொண்டுவந்தார்கள். தம்பியுடன் கதை சேகரித்துக் குழந்தைகளுக்குத் தந்த அதே கிரிம்தான். அவர் சொன்னது இது: சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் சொல்லின் தொடக்கத்தில் ‘ப’ வருகிற இடத்தில், ஜெர்மானிய மொழிகளில், அதாவது ஆங்கிலத்திலும், ‘ஃப’ வருகிறது. ஒரு சொல்லில் அல்ல, வரிசையாக. பிதா என்றால் ஃபாதர். பாதம் என்றால் ஃபுட். பஞ்ச என்றால் ஃபைவ். ‘பத்ர’ என்றால் ஃபெதர். அதேபோல் ‘திரி’ என்னும் மூன்று ஆங்கிலத்தில் ‘த்ரீ’. லத்தீனில் கொம்புக்கு ‘கோர்னு’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறவைக் காட்டுவது ஒற்றுமை இல்லை. ஒழுங்கான வேற்றுமை. லத்தீனில் ‘ப’ என்று தொடங்கும் பழஞ்சொல் ஒன்றும், அதே பொருளில் ‘ப’ என்றே தொடங்கும், ஆங்கிலத்திலேயே ஊறிய சொல்லொன்றும் கண்ணில் பட்டால் மொழியறிஞருக்கு மகிழ்ச்சி வராது, சந்தேகம் வரும். லத்தீனில் ‘ஹபேரே’ என்றால் வைத்திருத்தல். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்றாலும் அதுவே. இரண்டையும் ஒரே சொல் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் ஆங்கில ‘ஹ’வுக்கு லத்தீனில் ‘க’ நிற்க வேண்டும். அதனால் ஹேவ் என்பதன் உண்மையான லத்தீன் உறவு, பிடித்தலைக் குறிக்கும் ‘கபேரே’. முகம் ஒத்துப்போனதாலேயே ஹபேரே தள்ளுபடி.

இனி வீட்டிலும் வீதியிலும் நாம் புழங்குகிற சில ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம்.

எனக்கு மிகப் பிடித்தது ஃபேன். கூரையில் சுற்றுவதும் ஃபேன், நடிகருக்குக் கட்-அவுட் வைப்பவரும் ஃபேன். தமிழில் நாம் இரண்டையும் ஒன்றாகவே கொண்டு ‘நான் உங்கள் விசிறி’ என்று மொழிபெயர்த்தும் விட்டோம். சுற்றுகிற ஃபேன், லத்தீனில் ‘வன்னுஸ்’. தானியத்தைத் தூற்றிப் புடைக்கிற கருவி. நம் முறத்துக்கு அண்ணன் தம்பி. ரசிகரான ஃபேன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கக் கூடிய கூட்டத்தைச் சுட்டி வழங்கத் தொடங்கியது. அது ‘ஃபனாட்டிக்’ என்பதன் சுருக்கம் என்றே பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. ஃபனாட்டிக்கின் உள்ளே இருப்பது ‘ஃபானும்’ என்னும் லத்தீன் சொல். அதற்குக் கோயில் என்று பொருள். கோயில் வாசலில் தெய்வம் ஏறி ஆவேசம் கொண்டு ஆடுபவனைத்தான் ரோமானியர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள். சாமியாடி என்று நாம் சொல்வோம். ‘உங்கள் விசிறி’ என்பதைவிட ‘உங்கள் சாமியாடி’ என்பது சரியான மொழிபெயர்ப்பு. நடிகைக்குக் கோயிலே கட்டிய நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மேட்ச் என்பதும் அப்படி. தீக்குச்சியான மேட்ச், விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டமான மேட்ச் பழைய ஆங்கிலத்தில் இணை, துணை, வாழ்க்கைத்துணை. வரன் பார்க்கிற தரகர் ‘நல்ல மேட்ச்’ என்று சொல்லும்போது, கிரிக்கெட் வர்ணனையாளரைவிட மூலப்பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறார். ரயிலில் விற்கிற கட்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுதலான ‘கட்’டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சில் ‘கோத்’ என்றால் விலா எலும்பு. ‘கோத்லெத்’ சின்ன விலாத்துண்டு. பீட்ரூட் கட்லெட்டில் விலா எலும்பைத் தேட வேண்டாம். அந்த விலா எலும்புக்கு லத்தீனில் ‘கோஸ்தா’. நாட்டின் விலாப்புறம் என்ற பொருளில் கடற்கரைக்கு வந்த ‘கோஸ்ட்’ அதன் பிள்ளை. ஆக கட்லெட்டின் பங்காளி சோழமண்டலக் கடற்கரையில் நிற்கிறான், கசாப்புக் கத்தியில் அல்ல.

காட் என்னும் கடவுளும் குட் என்னும் நன்மையும் ஒன்றே என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அழகான கருத்து, சொல்லாராய்ச்சியில் நிற்காது. பழைய ஆங்கிலத்திலேயே ஒன்று குறில், மற்றொன்று நெடில். காட் அழைத்து வேண்டப்படுவது என்ற வேரைச் சேர்ந்ததாகவும், குட் பொருந்துவது, சேர்வது என்ற வேரைச் சேர்ந்ததாகவும் கொள்கிறார்கள். டெவிலும் ஈவிலும்கூட ஒட்டில்லை. டெவில் கிரேக்கத்தில் ‘தியாபொலொஸ்’, பழி தூற்றுபவன். ஈவில் அசல் ஆங்கிலம்.

இதுவரை சொன்னதெல்லாம் தற்செயல் ஒற்றுமை. தற்செயல் என்றதும் சிலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் கணக்குப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 44 ஒலிகள். அன்றாடச் சொற்கள் பெரும்பாலும் ஓரசை, ஈரசை. பல்லாயிரம் சொற்கள் இந்தச் சிறிய இடத்துக்குள் நெருக்கியடித்து நின்றால் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க முடியாது. மொழி எல்லை தாண்டியும் இது நடக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. 1960களில் அதை ஆராயப் போன ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்னும் மொழியியலாளர், நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். ‘டாக்’ என்று பதில் வந்தது. ஆங்கிலேயரிடம் கடன் வாங்கியதோ என்றே எவருக்கும் தோன்றும். இல்லை. சுற்றுவட்டார மொழிகளில் நாய் ‘குடக’. முதல் அசை உதிர்ந்து, கடைசி உயிரும் தேய்ந்து, ம்பபரத்தில் மிஞ்சியது ‘டாக்’. தன் பாட்டிலேயே தேய்ந்து வந்து ஆங்கிலத்தோடு முட்டிக்கொண்டது.

தற்செயலைவிடச் சுவையான ஒரு வகை இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பின் உயிரே அங்கேதான். ஒத்த ஓசையைப் பார்த்து ‘ஒரே குடும்பம்’ என்று நாம் முடிவு கட்டுகிறோம். ஆனால் பல இடங்களில் ஒரே குடும்பம் என்று மக்கள் முடிவு கட்டியதால்தான் ஓசையே ஒத்துப்போயிற்று. காரணமும் காரியமும் இடம் மாறிக் கிடக்கின்றன.

ஐலண்ட் என்னும் தீவில் ஓர் ‘எஸ்’ எழுத்து ஊமையாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதனால் மதிப்பெண் இழக்கிறார்கள். அசல் ஆங்கிலத்தில் அது ‘ஈய்லண்ட்’. நீர் சூழ்ந்த நிலம். எஸ்ஸுக்கு வேலையே கிடையாது. ‘ஐல்’ என்று இன்னொரு தீவுச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அது லத்தீன் ‘இன்சுலா’, அதற்கு எஸ் சொந்தச் சொத்து. இரண்டும் ஒன்றே என்று நம்பிய எழுத்தர்கள் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அசல் ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். தவறான உறவுக்குக் கொடுத்த சீதனம் அது; இன்னும் திரும்பி வரவில்லை.

மேல், ஃபீமேல் என்னும் ஆண், பெண் சொற்களைப் பாருங்கள். மேலோடு ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் ஃபீமேல் என்று தோன்றும். ஆணிலிருந்து பெண் வந்தாள் என்று வாதிடவும் சிலருக்கு அது உதவியிருக்கிறது. மேல், லத்தீன் ‘மஸ்குலுஸ்’. ஃபீமேல், ‘ஃபெமெல்லா’, இளம்பெண். இங்கிலாந்தில் அதை ‘ஃபெமெல்’ என்றுதான் எழுதினார்கள். 14ஆம் நூற்றாண்டில் மேல் என்பதன் பக்கத்தில் அடிக்கடி நின்று நின்று அதன் ஈற்றை வாங்கிக்கொண்டது.

மணமகனான பிரைட்குரூம் கதையும் இதுவே. பழைய ஆங்கிலத்தில் ‘பிரூத்குமா’; குமா என்றால் ஆள், மனிதன். லத்தீன் ‘ஹோமோ’வுக்கு உறவு. நாளடைவில் குமா செத்துப்போயிற்று. மணமகன் பெயரில் மட்டும் பொருள் தெரியாத ஒரு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. பொருள் தெரியாத துண்டை மக்கள் சும்மா விட மாட்டார்கள். பக்கத்தில் கிடைத்த ‘குரூம்’, அதாவது ஏவலாளி, அந்த இடத்தைப் பிடித்தது. மாப்பிள்ளைக்கு வந்த கதி.

தும்மலான ‘ஸ்னீஸ்’ பழைய ஆங்கிலத்தில் எஃப் எழுத்தில் தொடங்கியது: ஃப்னேயோசன். அந்தத் தொடக்கம் வாய்க்கு அந்நியமாகிப் போனபோது, மோப்பம் பிடிக்கும் ‘ஸ்னிஃப்’, மூஞ்சியான ‘ஸ்னவுட்’, மூக்குப்பொடியான ‘ஸ்னஃப்’ எல்லாம் இருந்த கூட்டத்தில் தும்மலும் போய்ச் சேர்ந்துகொண்டது. ‘ஸ்ன’ என்றாலே மூக்கு என்று ஆங்கிலேயரின் காது பழகிவிட்டதுதான் இதற்குக் காரணம். இப்படி ஓசைக்கொத்து ஒன்று ஒரு பொருட்சாயலைச் சுமப்பதற்கு ஜே. ஆர். ஃபர்த் என்னும் மொழியியலாளர் 1930இல் தனிப் பெயரே வைத்தார். வருத்தம் தெரிவிக்கும் ‘சாரி’யும் துயரமான ‘சாரோ’வும் இந்த வகையே. சாரி, புண் என்னும் ‘சோர்’ வழி வந்தது. சாரோ தனி வேர். இன்று சாரியில் கேட்கும் உயிரொலியே சாரோவின் சகவாசத்தால் வந்தது என்கிறார்கள். பங்காளிகள் இல்லை, சம்பந்திகள்.

அப்படியென்றால் ஒத்த ஓசைச் சொற்கள் எதுவுமே உறவில்லையா? உண்டு, ஆனால் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. வகுப்பறைகளில் ஒலி ஒன்று, பொருள் வேறு என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பணம் போடும் பேங்க்கையும் ஆற்றங்கரையான பேங்க்கையும் தருவார்கள். நான் படித்த காலத்திலும் அதேதான். அந்த இரண்டும் ஒரே வேர்! மேடு, திட்டு என்ற ஜெர்மானியச் சொல் ஆற்றங்கரையாயிற்று. உட்காரும் திட்டு பெஞ்சாயிற்று. இத்தாலிய நாணயமாற்றுக்காரர் முன்னால் போட்டிருந்த பெஞ்சு பேங்க்காயிற்று. சட்டையான ஷர்ட்டும் பாவாடையான ஸ்கர்ட்டும் ஒன்றே. குட்டையாக வெட்டிய உடை, ‘ஷார்ட்’ என்பதும் அவற்றின் உறவு. ஆங்கிலேயர் ‘ஷ’ என்று மாற்றிவிட்ட ஒலியை, கடல் வழி வந்து இங்கிலாந்தின் கிழக்கே குடியேறிய வைக்கிங்குகள் ‘ஸ்க’ என்றே வைத்திருந்தார்கள். பூவான ஃபிளவரும் மாவான ஃபிளவரும் ஒரே சொல். தானியத்தின் பூப்போன்ற சிறந்த பகுதி மாவு. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட இரண்டுக்கும் எழுத்துக்கூட்டு ஒன்றே.

இந்த வரிசையில் மாணவர்கள் நம்ப மறுப்பது கிராமர், கிளாமர். இலக்கணமும் கவர்ச்சியும்! படிப்பறிவில்லாத காலத்தில் எழுத்தறிந்தவன் மந்திரமும் அறிந்தவன் என்று பயந்தார்கள். கிராமருக்கு மந்திர வித்தை என்றும் பொருள் ஏறியது. ஸ்காட்லாந்தில் அது ‘கிளாமர்’ என்று திரிந்து கண்கட்டு வித்தையைக் குறித்தது. வால்டர் ஸ்காட் தம் எழுத்தில் அதைப் பரப்பினார்; பிறகு சினிமா எடுத்துக்கொண்டது. இலக்கண ஆசிரியர்கள் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

கடைசியாக, நம் வீட்டு வழக்கு. ஆங்கிலத்தின் ‘ஒன்’ தமிழின் ‘ஒன்று’. ‘எய்ட்’ என்பது ‘எட்டு’. ஆகவே ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது என்று மேடைதோறும் கேட்கிறோம். கைதட்டல் கிடைக்கிற பேச்சு. இரண்டு பக்கமும் பழைய வடிவத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒன் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’, ஜெர்மனில் ‘ஐன்’, பழைய லத்தீனில் ‘ஒய்னொஸ்’. இன்றைய ஒலி மேற்கு இங்கிலாந்தின் வட்டார உச்சரிப்பாகப் பிந்தி வந்தது. ‘ஒன்லி’, ‘அலோன்’ என்ற சொற்களில் அந்த மாற்றம் நேரவே இல்லை. எய்ட், பழைய ஆங்கிலத்தில் ‘எயக்ட’, ஜெர்மனில் ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஒக்தோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. நடுவில் ககரத்தின் சுவடு. நம் எட்டுக்குள் இருப்பது ணகரம். எண்பது, எண்ணூறு, எண்திசை என்கிறோம். கன்னடத்தில் ‘எண்டு’ என்றே நிற்கிறது. பின்னோக்கிப் போகப்போக இரண்டும் விலகுகின்றன. உறவாக இருந்தால் பின்னோக்கிப் போகும்போது நெருங்கி வர வேண்டும்.

தமிழ் ஆங்கிலத்துக்குத் தந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. தந்தது நிறைய. ஆனால் அவை கப்பலேறிப் போன சரக்கு, கூடப் பிறந்தவை அல்ல. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போனதற்கு ஆவணம் இருக்கிறது. கேஷ் என்ற சொல்லில் இரண்டு கதையும் ஒன்றாகக் கிடக்கின்றன. கடையில் ‘கேஷா, கார்டா’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் காசு அல்ல. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் பணப்பெட்டியைக் குறித்த சொல், லத்தீனில் ‘காப்சா’. ஆனால் பழைய கும்பெனிக் கணக்கேடுகளில் வேறொரு கேஷ் வரும். சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கணக்கு எழுதினார்கள். அந்தக் கேஷ் நம் காசேதான். போர்ச்சுகீசியர் வாய்வழி போனது. ஆங்கில அகராதியில் இரண்டும் தனித்தனித் தலைப்பில் இருக்கின்றன.

நாம் மட்டும் ஓசையில் ஏமாறுகிறோம் என்று வெட்கப்படவும் வேண்டாம். கறியிலிருந்து வந்த ‘கரி’ என்னும் சொல்லை இங்கிலாந்தின் சொந்தச் சொத்து என்று வாதாடியவர்கள் உண்டு. 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த நூலின் பெயர் ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’. பார்த்தீர்களா, கரி அப்போதே எங்களிடம் இருந்தது என்றார்கள். அந்தக் கியூரி, சமைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அந்த நூலுக்குச் ‘சமையல் முறை’ என்பதற்கு மேல் பொருளில்லை. ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் கரி செய்முறை வருகிறது. தலைப்பிலேயே ‘இந்திய முறைப்படி’ என்று எழுதி வைத்துவிட்டார். குதிரைக்கு மாலிஷ் செய்யும் கரி ஒன்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது மூன்றாவது வீடு, பழைய பிரெஞ்சு. ஒருவருக்குக் காக்காய் பிடிப்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வருவது அந்தக் குதிரைக் கரிதான், நம் குழம்பு இல்லை.

நேரம் ஆகிவிட்டது. நீங்கள் சந்தேகப்படுகிற சொல் ஜோடிகளை இனி நீங்கள் கேளுங்கள்.